சரியா, தப்பா, போகட்டுமா? ஆங்கில வாக்கியங்களைத் தரம் பிரிக்க எந்த முறை?

போன கார்த்திகையில், வெளியே அடைமழை, மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து அரை நாளை ஒரே ஒரு ஆங்கில வாக்கியத்துக்குத் தாரை வார்த்தோம். "ஹி கேம் எஸ்டர்டே ஒன்லி." அவ்வளவுதான் வாக்கியம். ஆங்கில இலக்கணப் பிழையைக் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளைப் பழக்குவதற்காக வெளியூர் நிறுவனம் ஒன்று எங்களுக்கு வாக்கியங்களை மூட்டை மூட்டையாக அனுப்புகிறது, ஒவ்வொன்றும் இலக்கணப்படி நிற்குமா நிற்காதா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், வாக்கியத்துக்கு இவ்வளவு என்று காசு. எங்கள் ஐவரில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அவர் 'சார்'. அவர் அந்த வாக்கியத்தைத் தப்பு என்றார். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அக்கா சரி என்றார்.

"தினமும் எல்லாரும் பேசுறதுதானே சார்?"

"எல்லாரும் பேசினா சரியாயிடுமாம்மா?"

அந்த 'ஒன்லி' யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். 'நேற்றுதான் வந்தான்' என்பதில் இருக்கும் 'தான்' கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. யார் சொன்னது சரி என்பது கிடக்கட்டும், இந்தச் சண்டையை எக்செல் தாளில் எந்தக் கட்டத்தில் போடுவது? நிறுவனம் முறையை எங்களிடமே விட்டிருந்தது, முதல் மூட்டையைத் தொடங்கும் முன் எழுதிக் கொடுத்தால் போதும் என்றது. அதனால் நாற்பது வாக்கியங்களை எடுத்து, வழக்கத்தில் உள்ள முறைகள் ஒவ்வொன்றிலும் செய்து பார்த்தோம். இதே வேலையில் இறங்க நினைத்து என்னிடம் கேட்கிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

முறைக்குள் போவதற்கு முன் ஒன்று. இலக்கணம் வேறு, அர்த்தம் வேறு, படிக்கச் சுலபமாக இருப்பது வேறு. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957ல் காட்டிய 'கலர்லெஸ் கிரீன் ஐடியாஸ் ஸ்லீப் ஃபியூரியஸ்லி' எல்லோருக்கும் தெரிந்த உதாரணம்: நிறமில்லாத பச்சை எண்ணங்கள் ஆவேசமாகத் தூங்குகின்றனவாம், அர்த்தம் பூஜ்யம், இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மாதிரி வாக்கியம் மூட்டையில் வருவதில்லை. நம்மைக் கவிழ்ப்பவை வேறு. 'தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்' என்பதைப் படித்துப் பாருங்கள். குதிரை ஓடியது என்று மனது முடிவு பண்ணிவிடும், கடைசியில் 'ஃபெல்' வந்ததும் முட்டிக்கொள்ளும். 'ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது' என்று பிரித்தால் வாக்கியம் முழுக்கச் சரி. (தமிழில் 'ஓடியது' வேறு, 'ஓட்டப்பட்ட' வேறு, அதனால் நமக்கு இந்தத் தொல்லையே கிடையாது.) இதற்கு நேர் எதிராக 'தி கீ டு தி கேபினட்ஸ் ஆர் ஆன் தி டேபிள்' வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மேசை மேல் இருப்பது ஒரே ஒரு சாவி, ஆனால் பக்கத்தில் நிற்கும் 'கேபினட்ஸ்' காதில் விழுந்து 'ஆர்' சரி என்று தோன்றிவிடுகிறது. எங்களில் மூன்று பேர் இதற்குச் சரி போட்டோம், நானும் அதில் ஒருவன். ஆகவே 'படித்ததும் என்ன தோன்றுகிறதோ அதைப் போடு' என்று ஆட்களிடம் சொல்லி உட்கார வைத்தால், முதல் வகையில் நல்லதைக் கழிப்பீர்கள், இரண்டாவது வகையில் கெட்டதைச் சேர்ப்பீர்கள்.

சரி, இப்போது முறைகள்.

எல்லோரும் முதலில் நினைப்பது சரி, தப்பு என்ற இரண்டு கட்டம். இதற்குப் பேர்போன தொகுப்பு 2018ல் வந்த கோலா (CoLA). மொழியியல் நூல்களிலும் கட்டுரைகளிலும் உதாரணமாகக் காட்டப்பட்ட 10,657 வாக்கியங்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் 1 அல்லது 0 போட்டிருக்கிறார்கள். வேகமான முறை. எங்கள் நாற்பது வாக்கியமும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது, காபி ஆறுவதற்குள் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் இந்த முறை சொல்லும் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. கோலாவில் ஏறக்குறைய 70 சதவீதம் சரியான வாக்கியங்கள், அதனால் எதையுமே படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'சரி' போடும் சோம்பேறி மென்பொருளுக்கும் 70 மதிப்பெண் வந்துவிடும். அதனால்தான் அங்கே சாதாரணச் சதவீதத்தை விட்டுவிட்டு மேத்யூஸ் கெழு என்ற அளவில் மதிப்பிடுகிறார்கள், அதில் அந்தச் சோம்பேறிக்குப் பூஜ்யம்தான். மனிதர்களுக்கும் இதே வியாதி. நானும் அக்காவும் 100 வாக்கியத்தில் 80க்கு ஒரே பதில் போட்டோம் என்று வையுங்கள், கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் இருவருமே நூற்றுக்கு எண்பதைச் 'சரி' என்று போடுகிறவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 0.8 பெருக்கல் 0.8, அதோடு 0.2 பெருக்கல் 0.2, ஆக 0.68 தானாக ஒத்துப்போகும். இப்படித் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்ப்பதுதான் ஜேக்கப் கோஹன் 1960ல் கொடுத்த கப்பா கணக்கு. அதன்படி, 0.80லிருந்து 0.68 போக மிச்சம் 0.12, அதை ஒன்றிலிருந்து 0.68 போன மிச்சமான 0.32ஆல் வகுத்தால் 0.375. எண்பது என்று மார்தட்டிய இடத்தில் உண்மையில் இருப்பது முப்பத்தேழரை. ஆள் வைத்துச் செய்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சங்கடம் இங்கே எல்லோருக்கும் பழகியதுதான். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரை எடுத்துக்கொள்வார்கள். மீட்டர் 16.9 காட்டினால் மூட்டை உள்ளே, 17.4 காட்டினால் தார்ப்பாயை விரித்துக் காயப்போட வேண்டியதுதான். மழைக் காலத்தில் அதை 22 ஆக்கித் தாருங்கள் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நெல்லில் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு அளவு, கோடு மட்டும் நாம் போட்டது. வாக்கியத்திலும் அப்படித்தான், ஒரே வித்தியாசம், அங்கே மீட்டராவது இருக்கிறது.

அப்படியென்றால் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போடலாமே என்று அடுத்த யோசனை வரும். மொழியியல் ஆராய்ச்சியில் நல்ல பெயர் எடுத்த முறை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் சார் முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை, எவ்வளவு நல்ல வாக்கியமானாலும் 5க்கு மேல் போக மனசு வரவில்லை. அக்காவுக்கு 3க்குக் கீழே இறங்க மனசு வரவில்லை. ஒவ்வொருவருடைய சராசரியைக் கழித்துச் சமப்படுத்தும் கணக்கு உண்டு, செய்துவிடலாம், ஆனால் அதற்கு ஆளுக்கு நிறைய வாக்கியம் வேண்டும். அதைவிட மோசம், நாமே நம்மோடு ஒத்துப்போக மாட்டோம். கும்பகோணம் போகிற வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டிருந்தது, போட்டால் லேசில் திறக்காது என்பது அந்த வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனில் பத்து வாக்கியத்துக்கு மதிப்பெண் போட்டேன். ராத்திரி வீட்டில் அதே பத்தை மறுபடி பார்த்தேன். நான்கில் இரண்டு மதிப்பெண் வரை வித்தியாசம். காலையில் வெயிலில் 3 வாங்கிய வாக்கியம், சாப்பிட்டபிறகு 5 வாங்கியிருந்தது.

கடைசியில் பார்த்தால் மென்பொருளும் ஏதோ ஒரு இடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், சிவப்புக் கோடு வரும் அல்லது வராது, பாதிக் கோடு என்று ஒன்று இல்லை. ஏழு படி வைத்தாலும் எந்தப் படிக்குக் கீழே கோடு என்று மறுபடி சண்டை போட வேண்டும். இதை நாங்கள் சீக்கிரமே கைவிட்டோம்.

ஜோடி முறை சுகமாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு வாக்கியங்கள், எது தேவலை என்று கேட்டால் சாரும் அக்காவும்கூடச் சண்டை போடவில்லை. 2020ல் வந்த பிளிம்ப் (BLiMP) என்ற தொகுப்பு இப்படித்தான் கட்டப்பட்டது, 67 வகை, வகைக்கு 1,000 ஜோடி, ஆக 67,000. மனிதர்களின் பெரும்பான்மைத் தீர்ப்பு அதில் உள்ள விடையோடு 96.4 சதவீதம் ஒத்துப்போனது. ஒரு மொழி மாதிரிக்கு (ஏராளமான எழுத்தைப் படித்து மொழியைப் பழகிய மென்பொருளுக்கு) இலக்கணம் தெரியுமா என்று சோதிக்க இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் நமக்கு வருவது ஜோடி இல்லை. யாரோ அவசரத்தில் தட்டிய மின்னஞ்சலில் வாக்கியம் தனியாக, நான்கு பிழையோடு, துணை இல்லாமல் வந்து நிற்கும். அதற்கு ஜோடியை நாமே தயாரிக்க வேண்டும், அதைத் தயாரித்தால் அதுவே திருத்தம் ஆயிற்று.

அப்போது திருத்தமே செய்துவிட்டால் என்ன? இங்கேதான் எனக்குக் கண் திறந்தது. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ் ஐ ஆம் ஒர்க்கிங் இன் பேங்க்' என்று ஒரு வாக்கியம். இரண்டு கட்ட முறையில் ஐந்து பேரும் தப்பு என்று போட்டிருந்தோம், நூற்றுக்கு நூறு ஒற்றுமை, மகிழ்ச்சி. அதையே திருத்தச் சொன்னதும் வண்டவாளம் தெரிந்தது. ஒருவர் 'சின்ஸ்' என்பதை 'ஃபார்' ஆக்கிவிட்டுப் போய்விட்டார், அவருக்கு அது மட்டும்தான் பிழை. இன்னொருவர் 'ஆம் ஒர்க்கிங்' என்பதை 'ஹேவ் பீன் ஒர்க்கிங்' ஆக்கினார், 'சின்ஸ்' அவர் கண்ணில் படவே இல்லை. 'பேங்க்' முன்னால் ஒரு 'எ' வேண்டும் என்று பார்த்தது சார் மட்டும். அதாவது ஐந்து பேர் ஒரே தீர்ப்பை வேறு வேறு காரணத்துக்குச் சொல்லியிருக்கிறோம், அந்த ஒற்றைச் சொல் தீர்ப்பு அதையெல்லாம் மூடி மறைத்துவிட்டது. பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் அப்போதுதான் தெரியும்: 'அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலம், அது அப்படியே 'ஆம் ஒர்க்கிங்' ஆகிவிடுகிறது, 'எ', 'தி' எல்லாம் தமிழில் கிடையாது, அதனால் அது இல்லாதது நம் கண்ணுக்கு இல்லாததாகவே படுவதில்லை.

திருத்தத்திலும் இரண்டு கட்சி உண்டு. பிழையை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தொடாமல் விடுவது ஒன்று. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் எழுதியது போல் வாக்கியத்தையே மாற்றி எழுதுவது இன்னொன்று. 2014ல் நடந்த கோனல் (CoNLL) போட்டி, அதாவது இலக்கணப் பிழையைத் திருத்தும் மென்பொருள்களுக்கு வைத்த போட்டி, முதல் வகை: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் வாங்கிய 50 கட்டுரைகள், 28 பிழை வகைகள், இரண்டு திருத்துநர்கள். 2017ல் வந்த ஜேஃப்லெக் (JFLEG) தொகுப்பு இரண்டாவது வகை, 1,511 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர் எழுதிய நான்கு வடிவம். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார், காந்தியின் சுயசரிதையுடைய ஆங்கில மொழிபெயர்ப்பின் இரண்டாம் பதிப்புக்காக தன் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு நடையைத் திருத்திக் கொடுத்தாரே, அது மாதிரிக் கை நம்மிடம் இருந்தால் இரண்டாவது வகையைத் தாராளமாகச் செய்யலாம். நம் கை அப்படி இல்லை. எங்கள் முதல் முயற்சியில் அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று அக்கா ஒரு புகார்க் கடிதத்தை நன்றிக் கடிதம் மாதிரி ஆக்கிவிட்டார். மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் தன் வாக்கியத்தில் எது பிழை என்று கேட்கிறார், தன் குரலை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. ஆகவே குறைந்தபட்சத் திருத்தம் என்பது என் ஓட்டு.

இதன் செலவு கையைக் கடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே நாற்பது வாக்கியத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அப்புறம், திருத்தங்கள் ஒன்றுபோல் வராது. அந்தக் கோனல் கட்டுரைகளையே 2015ல் பத்துப் பேரிடம் கொடுத்துத் திருத்த வைத்து, ஒருவருடையதை மற்ற ஒன்பது பேருடையதோடு வைத்து, மென்பொருளை அளக்கும் அதே அளவுகோலால் அளந்து பார்த்தார்கள், சராசரியாக நூற்றுக்கு 72 சொச்சம்தான் வந்தது. தேர்ந்த மனிதர்களுக்கே அவ்வளவுதான். அதனால் உங்கள் ஆட்களின் திருத்தம் ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம், வாக்கியத்துக்கு இரண்டு திருத்தமாவது வாங்கி இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்திடமே விட்டுவிட்டால் என்ன என்று வீட்டில் தம்பி கேட்டான். கேட்கக்கூடியதுதான். லாங்குவேஜ்டூல் என்ற பிழைதிருத்தி மென்பொருள் 2003லிருந்து இருக்கிறது, திறமூலம், விதிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தமிழுக்குக்கூட ஓரளவு விதிகள் உண்டு. பெரிய மொழி மாதிரிகள் இன்னும் சாமர்த்தியம், ஆனால் கேட்காத இடத்தையும் இஸ்திரி போட்டுவிடும், பிழை இல்லாத வாக்கியத்தையும் பளபளப்பாக்கித் திருப்பித் தரும். எனக்கு அதைவிடப் பயம் வேறு: திரையில் கோடு முதலில் வந்துவிட்டால் நம் கண் அந்தக் கோட்டையே பார்க்கும், கோடு இல்லாத இடத்தில் மேயாது. ஒரு மென்பொருளைப் பழக்க இன்னொரு மென்பொருளின் தீர்ப்பை மனிதத் தீர்ப்பு என்று கொடுத்தால், அதன் குருட்டு இடங்களும் சேர்ந்தேதான் போகும். மனிதர் முடித்தபிறகு, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த 'கேபினட்ஸ் ஆர்' அப்படித்தான் பிடிபட்டது.

ஏன் இவ்வளவு கறாராகத் திருத்தத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்றால், வீணான கோடு அவ்வளவு கெடுதல். ஒருவர் எழுதிய 1,000 வாக்கியத்தில் 50 பிழையானவை என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதில் 40ஐப் பிடிக்கிறது, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நல்ல வாக்கியங்களிலும் நூற்றுக்கு ஐந்தைத் தப்பு என்கிறது என்றால், 950ல் 47 வீண் கோடு. பார்க்கிற கோடுகளில் பாதிக்கு மேல் பொய். இரண்டாவது நாளே அதை அணைத்துவிடுவார்கள். கோனல் போட்டியிலும் 2013ல், இருக்கும் பிழையில் எவ்வளவு பிடித்தது, பிடித்தது உண்மையா என்ற இரண்டையும் சமமாக எடை போட்டவர்கள், 2014ல் எஃப் 0.5 என்ற அளவுக்கு மாறினார்கள், அதாவது பிடித்தது எவ்வளவு என்பதைவிடப் பிடித்தது உண்மையா என்பதற்கு இரட்டிப்பு எடை. தீர்ப்புச் சொல்கிற நாம் அவசரத்தில் 'தப்பு' போட்டுத் தள்ளினால் அந்த வீண் கோடுகளை நாமே விதைக்கிறோம்.

இதற்கு ஒரு மருந்து நம் வீட்டுப் பரணிலேயே இருந்தது. பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு வழு (பிழை), வழாநிலை (பிழை இல்லாதது), வழுவமைதி (காரணத்தோடு ஏற்றுக்கொண்ட பிழை) மூன்றும் நினைவிருக்கும். பசுவைப் பார்த்து 'என் அம்மா வந்தாள்' என்றால் திணை வழு, ஆனால் பிரியத்தில் சொன்னது, அதனால் அமைதி. இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே 'இதோ வந்துட்டேன்' என்கிறோம், இறந்தகாலம் தப்பு, ஆனால் விரைவில் சொன்னது, அமைதி. நன்னூல் எழுதிய பவணந்தியார் கெட்டிக்காரர், சும்மா மன்னிக்கவில்லை. உவப்பு, உயர்வு, விரைவு, தெளிவு என்று காரணத்தைப் பெயர் சொல்லி மன்னித்தார். நாங்களும் மூன்றாவது கட்டம் ஒன்று வைத்து 'போகட்டும்' என்று பெயர் போட்டோம். முதல் நாளே அது குப்பைத்தொட்டி ஆகிவிட்டது, யோசிக்கச் சோம்பலாக இருந்ததையெல்லாம் அதில் போட்டோம், ஒருவர் நாற்பதில் பதினான்கைப் போட்டிருந்தார். மறுநாள் ஒரு விதி: காரணம் எழுதாமல் அந்தக் கட்டத்தைத் தொடக்கூடாது. பேச்சு நடை, விளம்பர வாசகம், செய்தித் தலைப்பு, இந்திய ஆங்கிலம், இந்த நான்குதான் காரணம். ஐந்தாவது வேண்டுமென்றால் சனிக்கிழமை கூடிப் பேசிச் சேர்க்க வேண்டும். பதினான்கு நான்காகிவிட்டது.

ஆக எங்கள் தேர்வு: குறைந்தபட்சத் திருத்தம், வாக்கியத்துக்கு இரண்டு பேர், காரணத்தோடு ஒரு 'போகட்டும்'. திருத்தம் இருந்தால் தப்பு, இல்லாவிட்டால் சரி என்று நிறுவனம் கேட்கும் 0, 1ஐ இதிலிருந்து தானாக எடுத்துவிடலாம், 0, 1லிருந்து திருத்தத்தை எடுக்க முடியாது. உங்களிடம் காசு குறைவு, வாக்கியம் லட்சக்கணக்கில் என்றால் இரண்டு கட்ட முறைக்கே போங்கள், ஆனால் மூன்று பேர் பார்த்துப் பெரும்பான்மை எடுங்கள், கப்பா போடுங்கள். உங்கள் நோக்கம் ஒரு மொழி மாதிரியைச் சோதிப்பது மட்டும் என்றால் ஜோடி முறை போதும், மற்றதெல்லாம் வீண் செலவு.

எதை எடுத்தாலும் நிறுவனத்திடம் ஒன்றை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்: இதைப் பயன்படுத்தப் போவது யார்? நாங்கள் தாமதமாகக் கேட்டோம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதும் இந்திய அலுவலகக்காரர்கள் என்று பதில் வந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் கார்த்திகை மழையில் அந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும். சார் 'ஹி கேம் ஒன்லி எஸ்டர்டே' என்று திருத்தி எழுதினார், அக்கா 'போகட்டும், இந்திய ஆங்கிலம்' என்று போட்டார், இரண்டும் தாளில் இருக்கின்றன. 'ப்ரீபோன்' (குறித்த நேரத்தை முன்னால் தள்ளுவது) பிரச்சினை இல்லை, அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது, சாரும் வாயைத் திறக்கவில்லை. 'டிஸ்கஸ் அபவுட்' மட்டும் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது.